கைக்குப் பழகாத கேமரா

கிள்ளான் நகரின் ஜாலான் தெங்கு கிளானாவில் இருந்த பாட்டியின் பூக்கடை இன்னும் 10 நாள்களில் மூடப்படவிருந்தது. கடை என்றால் பெரிய கட்டடம் ஒன்றுமில்லை. கடைவீடுகளின் முன்னால் உள்ள நடைபாதையில் ஒரு மடக்கு மேசை, நான்கைந்து கூடைகள், ஒரு பித்தளைத் தட்டு, தலைக்கு மேலே ஓர் எல்.இ.டி. விளக்கு. அவ்வளவுதான். ஆனால், 34 ஆண்டுகளாக அந்தக் குடும்பத்தில் அடுப்பு எரிந்ததற்கு அந்த மேசையும் ஒரு காரணம். விடியற்காலையில் எழுந்து கூடைகளைத் தூக்கி வைக்கப் பாட்டியின் முழங்கால்கள் இனி இடம் கொடுக்கவில்லை. பள்ளி விடுமுறை தொடங்கும் சனிக்கிழமையே கடைசி நாள் என்று அவர் முடிவு செய்துவிட்டார்.

அவருடைய பேத்தி நான்காம் படிவ மாணவி; பள்ளியின் புகைப்படக் கழக உறுப்பினர். செய்தியைக் கேட்ட அன்றிரவே அவள் வீட்டில் இருந்த பழைய ஆல்பங்களை எடுத்துப் புரட்டினாள். தாத்தா இளமையில் ஒரு புகைப்பட நிலையத்தில் வேலை செய்தவர். கிள்ளான் வட்டாரத்தில் எத்தனையோ திருமணங்களைப் படம் பிடித்தவர். எனவே, பாட்டி பூத்தொடுக்கும் படம் ஒன்றாவது கிடைக்கும் என்று அவள் நம்பினாள். மணமக்கள் இருந்தார்கள், மாமாக்கள் இருந்தார்கள், தோட்டத்துக் கோவில் திருவிழா இருந்தது. பூக்கடை மட்டும் எங்குமே இல்லை.

“தாத்தா, பாட்டி கடையை நீங்கள் ஒரு படம்கூட எடுக்கவில்லையா?”

தாத்தா சற்று நேரம் பேசாமல் இருந்தார். “படச்சுருள் முதலாளியுடையது, அம்மா. ஒரு சுருளில் 36 படங்கள். எண்ணிக் கொடுப்பார், எண்ணி வாங்குவார். தினமும் பார்க்கிற கடைதானே, பிறகு எடுத்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். அந்தப் ‘பிறகு’ வரவேயில்லை.”

கடைசி நாளில் அந்தப் படத்தைத் தானே எடுத்துவிட வேண்டும் என்று அவள் தீர்மானித்தாள்.

ஆனால், அதில் ஒரு சிக்கல் இருந்தது. மூன்று ஆண்டுகளாக அவள் பயன்படுத்தி வந்த கேனன் கேமரா அக்காளுடையது. மேற்படிப்புக்காக ஜொகூருக்குச் சென்ற அக்காள் அதை உடன் எடுத்துச் சென்றிருந்தாள். கழகப் பொறுப்பாசிரியரிடம் கேட்டபோது, அவர் அலமாரியைத் திறந்து ஒரு கறுப்புப் பையை எடுத்துக் கொடுத்தார்.

“கழகத்தில் இப்போது இருப்பது இது ஒன்றுதான். பியூஜிபிலிம் எக்ஸ்-டி2. இதுவரை நீ தொட்டதில்லை, இல்லையா? இன்றே எடுத்துச் சென்று பழகு. கடைசி நாள் காலையில் பழகலாம் என்று இருந்துவிடாதே.”

“சரி, சார். எல்லாக் கேமராவும் ஒன்றுதானே?” என்றாள் அவள். ஆசிரியர் புன்னகைத்தாரே தவிர ஒன்றும் சொல்லவில்லை.

எல்லாம் ஒன்றல்ல என்பது கேமராவைக் கையில் எடுத்தவுடனேயே தெரிந்துவிட்டது. அக்காளின் கேமராவில் மேலே ஒரு சக்கரம் இருக்கும். அதில் பச்சை நிறக் குறியைத் தேர்ந்தெடுத்தால் எல்லாவற்றையும் கேமராவே பார்த்துக்கொள்ளும். இந்தக் கேமராவில் அந்தச் சக்கரமே இல்லை. இடப்பக்கத்தில் ஒரு சக்கரம், வலப்பக்கத்தில் இரண்டு சக்கரங்கள், லென்ஸைச் சுற்றி எண்கள் பொறித்த ஒரு வளையம். சில எண்களுக்கு நடுவே ‘ஏ’ என்ற எழுத்து. எதைத் தொடுவது, எதை விடுவது என்றே அவளுக்குப் புரியவில்லை. படத்தைப் பெரிதாக்கலாம் என்று வளையத்தைத் திருகினாள். படம் பெரிதாகவில்லை, வேறு ஏதோ ஓர் எண் மாறியது. அது 35 மில்லிமீட்டர் குவியத் தொலைவு மட்டுமே கொண்ட லென்ஸ். அருகில் பார்க்க வேண்டுமென்றால் கால்கள்தான் நடக்க வேண்டும்.

இன்னொரு வேறுபாடும் இருந்தது. அக்காளின் கேமராவில் லென்ஸ் வழியே வரும் ஒளியை ஒரு கண்ணாடி மேலே திருப்பிவிடும். அந்த ஒளியையே கண் நேராகப் பார்க்கும். இந்தக் கேமராவில் அத்தகைய கண்ணாடி இல்லை. ஒளியுணரியில் விழும் காட்சி ஒரு சிறிய மின்திரையில் தெரியும். முதலில் அது அவளுக்குத் தொலைக்காட்சிப் பெட்டிக்குள் எட்டிப் பார்ப்பதுபோல் இருந்தது.

மறுநாள் பள்ளிச் சிற்றுண்டிச் சாலையில் அவள் ஒத்திகை பார்த்தாள். பரோட்டா மாவை வீசும் அண்ணனையும் வரிசையில் நின்ற நண்பர்களையும் முப்பது படங்களுக்கு மேல் எடுத்தாள். திரையில் பார்த்தபோது முகம் வாடிவிட்டது. பாதிப் படங்கள் ஒரேயடியாக இருண்டிருந்தன. மீதிப் படங்களில் பரோட்டா தெளிவாக இருந்தது. ஆனால், படத்தின் குறுக்கே பட்டை பட்டையாகக் கருங்கோடுகள் ஓடின.

அன்று மாலை அவள் ஆசிரியரிடம் கேமராவை நீட்டினாள். “சார், இதில் ஏதோ கோளாறு இருக்கிறது. அக்காளின் கேமராவில் இப்படி வந்ததே இல்லை.”

ஆசிரியர் கேமராவை வாங்கி வலக்கோடியில் இருந்த சிறிய சக்கரத்தைக் காட்டினார். அது -2 என்ற எண்ணில் நின்றது. “இது படத்தின் வெளிச்சத்தைக் கூட்டவும் குறைக்கவும் உள்ள சக்கரம். இதற்குப் பூட்டு இல்லை. பையில் உரசும்போது தானாகச் சுழன்றிருக்கும். எடுத்தவுடன் இதைப் பார்க்கும் பழக்கம் உனக்கு இல்லை, அவ்வளவுதான்.”

“அப்படியானால், இந்தக் கோடுகள், சார்?”

“சத்தம் கேட்கக்கூடாது என்று மின்னணு ஷட்டரைத் தேர்ந்தெடுத்தாயா?”

அவள் தலையசைத்தாள். பட்டியலில் அதைக் கண்டு, நல்ல வசதி என்று எண்ணி வைத்திருந்தாள்.

ஆசிரியர் வெண்பலகையில் வரைந்து விளக்கினார். மலேசியாவில் வீடுகளுக்கு வரும் மாறுதிசை மின்னோட்டத்தின் அலைவெண் 50 ஹெர்ட்ஸ். இதனால் பல விளக்குகள் நொடிக்கு 100 முறை கூடிக் குறைந்து ஒளிர்கின்றன. கண்ணுக்கு அது தெரிவதில்லை. மின்னணு ஷட்டரோ படம் முழுவதையும் ஒரே கணத்தில் பதிவு செய்வதில்லை. வரிவரியாகப் படித்துக்கொண்டு போகிறது. ஒரு வரியைப் படிக்கும்போது விளக்கு பளிச்சென்று இருக்கும். சில வரிகள் தள்ளிப் படிக்கும்போது மங்கியிருக்கும். மங்கிய வரிகளே கருங்கோடுகள்.

“உன் அக்காளின் கேமராவில் நீ எப்போதும் இயந்திர ஷட்டரையே பயன்படுத்தியிருப்பாய். அதனால் இது தெரியவில்லை. இது இந்தக் கேமராவின் குறையன்று. இத்தகைய மின்னணு ஷட்டரைப் பயன்படுத்தினால் எந்த நிறுவனத்தின் கேமராவிலும் இது நேரலாம். உனக்குத் தெரியாத ஒன்றைக் கேமராவின் கோளாறு என்று சொல்லிவிட்டாய்.”

அவள் தலை குனிந்தாள். ஆசிரியர் கனிவாகத் தொடர்ந்தார். “வருத்தப்படாதே. இந்தத் துறையே அப்படித்தான் வளர்ந்தது. 1975ஆம் ஆண்டில், அமெரிக்காவின் கோடாக் நிறுவனத்தில் பணிபுரிந்த ஸ்டீவன் சாசன் என்னும் பொறியியலாளர் ஓர் இலக்கவியல் கேமராவை உருவாக்கினார். அதன் எடை ஏறத்தாழ 3.6 கிலோகிராம். படம் கறுப்பு வெள்ளைதான். அதில் இருந்த புள்ளிகள் வெறும் 10,000. ஒரு படத்தை ஒலிநாடாவில் பதிய 23 நொடிகள் ஆயின. நீ கையில் வைத்திருக்கும் கேமரா ஒரு படத்தில் 2 கோடியே 40 இலட்சத்துக்கும் அதிகமான புள்ளிகளைப் பதிவு செய்கிறது. கருவி எவ்வளவோ மாறிவிட்டது. ஆனால், ஒளி மாறவில்லை. கருவியைப் பழகுவதற்கு முன், நீ ஒளியைப் பழகியிருக்கிறாயா என்று யோசித்துப் பார்.”

அந்தக் கேள்வி வீடுவரை அவளைத் தொடர்ந்து வந்தது. மூன்று ஆண்டுகளில் அவள் நல்ல படங்கள் எடுத்திருக்கிறாள்; பள்ளி அளவில் பரிசும் பெற்றிருக்கிறாள். ஆனால், அந்தப் படங்களில் எத்தனை முடிவுகளை அவள் எடுத்தாள், எத்தனை முடிவுகளைக் கேமரா எடுத்தது? அவளால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. விரல்களுக்குப் பொத்தான்கள் பழகியிருந்தன. அந்தப் பழக்கத்தையே அவள் அறிவு என்று நினைத்திருந்தாள்.

வரவேற்பறையில் தாத்தா அமர்ந்திருந்தார். அவருடைய கண்களில் புரை விழுந்திருந்தது. நாளிதழைக்கூடப் பிறர் படித்துக் காட்ட வேண்டும். அவள் மேசைமேல் வைத்த கேமராவை அவர் மெல்ல எடுத்தார்.

“இது எந்த நிறுவனம்?”

“பியூஜி, தாத்தா.”

“பியூஜியா? பச்சைப் பெட்டியில் படச்சுருள் விற்பார்களே, அவர்களா?” தாத்தாவின் முகம் மலர்ந்தது. “கோடாக் மஞ்சள் பெட்டி, பியூஜி பச்சைப் பெட்டி. நிலையத்தில் இரண்டையும் அடுக்கி வைத்திருப்போம்.”

ஜப்பானில் 1934ஆம் ஆண்டு படச்சுருள் தயாரிக்கத் தொடங்கிய நிறுவனம் அது. இலக்கவியல் கேமராக்கள் பெருகி, படச்சுருள் விற்பனை சரிந்தபோது, வேறு துறைகளிலும் கால்பதித்துத் தன்னைக் காப்பாற்றிக்கொண்டது. பேத்திக்கு அறிமுகமில்லாத பெயர், தாத்தாவுக்குப் பழைய நண்பனின் பெயராக இருந்தது.

தாத்தாவின் இடக்கை தானாக லென்ஸின் அடியில் போய்த் தாங்கிக்கொண்டது. கட்டைவிரலும் சுட்டுவிரலும் வளையத்தைப் பற்றின. கேமராவைப் பார்க்காமலேயே அவர் வளையத்தைத் திருப்பினார். ‘சடக், சடக்’ என்று மெல்லிய ஒலி கேட்டது.

“என் பழைய கேமராவில் ஓர் எண்ணுக்கு ஒரு சடக்கு. இதில் மூன்று சடக்குகள் இருக்கும்போல. இது ஒளித்துளை வளையம், அம்மா. மேலே ஷட்டர் சக்கரம் இருக்க வேண்டுமே?”

இருந்தது. அவள் வியந்து போனாள். இரண்டு நாள்களாக அவளைத் திணறவைத்த கருவியைக் கண்பார்வை மங்கிய தாத்தா இரண்டு நிமிடத்தில் அடையாளம் கண்டுகொண்டார். அவளுக்குப் புதிதாகத் தெரிந்த அமைப்பு, உண்மையில் பழைய கேமராக்களின் அமைப்புதான்.

தாத்தா எழுந்து சன்னலருகே சென்று, அதன் கதவை ஒரு விரற்கடை அளவு திறந்தார். தரையில் மெல்லிய ஒளிக்கோடு விழுந்தது. பிறகு, கதவை அகலத் திறந்தார். அறை நிறைந்தது.

“சன்னலை எவ்வளவு அகலமாகத் திறக்கிறாய் என்பது ஒளித்துளை. எவ்வளவு நேரம் திறந்து வைக்கிறாய் என்பது ஷட்டர். அறைக்குள் இருப்பவனுக்கு எவ்வளவு கூர்மையான கண் என்பது படச்சுருளின் வேகம்; உங்கள் காலத்தில் ஐ.எஸ்.ஓ. என்கிறீர்கள். படக்கலையில் ஒளிக்கணக்கு இந்த மூன்றுதான். ஒன்றில் ஒரு படி ஏறினால் இன்னொன்றில் ஒரு படி இறங்க வேண்டும். ஒவ்வொரு படியும் இரண்டு மடங்கு அல்லது பாதி.”

அன்றிரவு அவள் அந்தப் படிகளை நோட்டுப் புத்தகத்தில் எழுதினாள். ஒளித்துளை எண்கள் 2, 2.8, 4, 5.6, 8, 11, 16. எண் பெரிதாகப் பெரிதாகத் துளை சிறிதாகும். ஷட்டர் நேரங்கள் 1/15, 1/30, 1/60, 1/125, 1/250. ஐ.எஸ்.ஓ. எண்கள் 200, 400, 800, 1600, 3200. வளையத்திலும் சக்கரங்களிலும் பொறிக்கப்பட்டிருந்த எண்கள் இப்போது அவளுக்குப் புரிந்தன. கேமராவை அணைத்து வைத்திருந்தாலும், அடுத்த படம் எப்படி வரும் என்பதைச் சக்கரங்களைப் பார்த்தே ஓரளவு சொல்ல முடிந்தது. ‘ஏ’ என்ற எழுத்தின் பொருளும் விளங்கியது. ‘இந்த ஒரு முடிவை மட்டும் என்னிடம் விடு’ என்று கேமரா கேட்கும் இடம் அது. மூன்றையும் ‘ஏ’யில் வைத்தால் மூன்று முடிவுகளையும் கேமராவே எடுத்துக்கொள்ளும். பச்சைக் குறி காணாமல் போகவில்லை. மூன்று இடங்களில் பிரிந்து கிடந்தது.

அடுத்த ஒரு வாரம் அவள் தினமும் பழகினாள். சமையலறையில் அம்மா தோசை சுடுவதை எடுத்தாள். மாலையில் வாசலில் தம்பி பந்து உதைப்பதை எடுத்தாள். கேமராவை எடுத்தவுடன் நான்கு இடங்களைப் பார்க்கும் பழக்கத்தை ஏற்படுத்திக்கொண்டாள்: இடச்சக்கரம், வலச்சக்கரம், கோடிச்சக்கரம், வளையம். மின்திரையைக் கொண்ட கேமரா மின்கலத்தை விரைவாகத் தீர்த்துவிடும் என்பதையும் ஒரு மாலை பாதியில் கேமரா அணைந்தபோது கற்றுக்கொண்டாள். மறுநாளே ஆசிரியரிடமிருந்து கூடுதல் மின்கலம் ஒன்றை வாங்கிக்கொண்டாள்.

கடைசி நாள் வந்தது. காலை ஐந்தரை மணிக்குச் சாலை இருளில் கிடந்தது. பாட்டி வழக்கம்போல் கூடைகளை அடுக்கி, மல்லிகையைத் தட்டில் கொட்டி, நாற்காலியில் அமர்ந்தார். தாத்தாவும் உடன் வந்து ஓரமாக அமர்ந்துகொண்டார்.

அவள் கேமராவை எடுத்தாள். நான்கு இடங்களையும் பார்த்தாள். ஒளித்துளை 2. ஷட்டர் 1/125. ஐ.எஸ்.ஓ. 3200. ஷட்டரை அழுத்தினாள். படம் நன்றாகவே வந்தது. பாட்டியின் முகம் தெளிவு, விரல்கள் தெளிவு, மல்லிகை தெளிவு. கருங்கோடுகளும் இல்லை. ஆயினும், படத்தில் ஏதோ ஒன்று குறைந்தது. நிழல்களில் மணல் தூவியதுபோல் புள்ளிகள் தெரிந்தன என்பது மட்டுமன்று. படத்தில் பாட்டி பூவைப் பிடித்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பதுபோல் இருந்தது.

அவள் கேமராவைத் தாழ்த்திப் பாட்டியைப் பார்த்தாள். இடக்கை விரல்களுக்கு நடுவே நூல். வலக்கை இரண்டு பூக்களை இப்படியும் இரண்டு பூக்களை அப்படியும் வைக்கிறது. ஒரு சுற்று, ஒரு முடிச்சு, ஓர் இழுப்பு. கண்ணால் தொடர முடியாத வேகம். உடல் அசைவதில்லை, முகம் அசைவதில்லை, விரல்கள் மட்டும் பறக்கின்றன. 34 ஆண்டுகள் அந்த விரல்களில்தான் இருந்தன. அவள் எடுத்த படம் அந்த விரல்களை உறையவைத்துவிட்டது.

“தாத்தா, சன்னலை இன்னும் கொஞ்ச நேரம் திறந்து வைத்தால் என்ன?” என்று கேட்டாள்.

தாத்தா சிரித்தார். “கை நடுங்காமல் பார்த்துக்கொள், அம்மா.”

அவள் மனத்துக்குள் கணக்குப் போட்டாள். 1/125இலிருந்து 1/60, 1/30, 1/15. மூன்று படிகள் ஒளி கூடுகிறது. ஆகவே, ஐ.எஸ்.ஓ. மூன்று படிகள் இறங்கலாம்: 1600, 800, 400. வலச்சக்கரத்தை 15க்குத் திருப்பினாள். இடச்சக்கரத்தை 400க்குத் திருப்பினாள். படத்தின் மொத்த வெளிச்சம் மாறாது. நிழலில் இருந்த மணற்புள்ளிகள் குறையும். அசையாத முகம் தெளிவாக இருக்கும். அசையும் விரல்கள் கலங்கித் தெரியும். பூ வந்த பெட்டிகள் இரண்டை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, அவற்றின்மேல் கேமராவை ஊன்றினாள். மூச்சை அடக்கி, பொத்தானை மெதுவாக அழுத்தினாள்.

முதல் படத்தில் பாட்டி தலையைத் திருப்பிவிட்டார். இரண்டாம் படத்தில் வாடிக்கையாளர் ஒருவர் குறுக்கே வந்தார். சில படங்களில் கேமரா அசைந்துவிட்டது. ஏறத்தாழ நாற்பது படங்கள் எடுத்தாள். வானம் வெளுக்கத் தொடங்கியபோது, அவற்றில் மூன்று அவளுக்குப் பிடித்திருந்தன. 36 படங்களுக்குள் முடித்துக்கொள்ள வேண்டிய கட்டாயம் அவளுக்கு இல்லை. தாத்தாவுக்குக் கிடைக்காத வசதி அது.

வியாபாரம் சற்று ஓய்ந்தபோது, கேமராத் திரையைப் பாட்டியிடம் காட்டினாள். படத்தில் பாட்டியின் முகம் விளக்கொளியில் அமைதியாக இருந்தது. பித்தளைத் தட்டு மின்னியது. அதன் நடுவே விரல்கள் இருந்த இடத்தில் வெண்மையான ஒரு சுழல் மட்டும் தெரிந்தது. அந்தச் சுழலுக்குள்ளிருந்து தொடுத்த சரம் தெளிவாக வெளியே வந்துகொண்டிருந்தது.

பாட்டி கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு உற்றுப் பார்த்தார். “என்ன கண்ணு, என் விரலைக் காணோமே?” என்றார். பிறகு, அவரே மெல்லச் சிரித்தார். “என் கை இவ்வளவு வேகமாகவா ஓடுகிறது?”

“ஆமாம் பாட்டி. தினமும் பார்க்கிறேன், இன்றுதான் நானும் கவனித்தேன்.”

தாத்தாவால் திரையில் இருந்ததைத் தெளிவாகப் பார்க்க முடியவில்லை. “எப்படி வந்திருக்கிறது?” என்று கேட்டார். பேத்தி முகத்தையும் தட்டையும் சுழலையும் சரத்தையும் ஒவ்வொன்றாகச் சொல்லிக் காட்டினாள். அவர் கண்களை மூடிக்கொண்டு கேட்டார்.

“இதைத்தான் நான் எடுக்காமல் விட்டேன்” என்றார் தாத்தா.

பகல் பன்னிரண்டு மணிக்குக் கடைசிக் கூடையும் காலியானது. அப்பா வந்து மேசையை மடக்கி வண்டியில் ஏற்றினார். அடுத்த வாரம் அந்தப் படம் பெரிதாக அச்சிடப்பட்டு வரவேற்பறைச் சுவரில் மாட்டப்பட்டது. விடுமுறை முடிந்து பள்ளி திறந்ததும் அவள் கேமராவைத் துடைத்து, மின்கலங்களை நிரப்பி, ஆசிரியரிடம் திருப்பிக் கொடுத்தாள்.

“இனி எது வேண்டும்? இதுவா, அக்காளின் கேமராவா?” என்று கேட்டார் ஆசிரியர்.

“எது கிடைத்தாலும் சரி, சார். ஆனால், எடுத்தவுடன் அதை ஒரு முறை நன்றாகப் பார்த்துக்கொள்வேன்” என்றாள் அவள்.

அந்த ஆண்டு இறுதியில் அக்காள் விடுமுறைக்கு வந்தாள். பழகிய கேனன் மீண்டும் அவள் கைக்கு வந்தது. மேலே இருந்த சக்கரம் பச்சைக் குறியில் நின்றது. அவள் சற்று நேரம் அதைப் பார்த்தாள். பிறகு, அதை ‘எம்’ என்ற எழுத்துக்குத் திருப்பிவிட்டு, சன்னலருகே அமர்ந்திருந்த தாத்தாவை நோக்கி நடந்தாள்.